எச்சில்

மூன்று மணி பத்து நிமிடம்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது
வேட்டித்துணியில் காய்ந்த வடாம்போல.
வடாம் உரிப்பவர்கள்
துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளிப்பார்கள்.
என் நாக்குக்குப் பின்பக்கம் தண்ணீர் இல்லை.

கால்கரியில் ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கீழ்த்தளத்தில் ஃபர்னஸ் விழித்து
ஒருமுறை கனைக்கிறது.
பிறகு தரையோரத் துவாரம் வழியே
ஈரமே இல்லாத ஒரு பெருமூச்சு.

பக்கத்தில் இவர்.
உதடு இரண்டும் தைத்ததுபோல் மூடி
மூக்கால் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டு
கடன் இல்லாதவர் தூங்குவதுபோல் தூங்குகிறார்.
வீட்டுக்கடன் இன்னும் பதினோரு வருடம்.

என் மூக்கு இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது.
ஆறு வருடத்துக்கு முன்
இமயவனின் ஹாக்கிப் பயிற்சியில்
கண்ணாடித் தடுப்பு முடியும் இடத்தில் நின்று
சமோசா தின்றுகொண்டிருந்தேன்.
கறுப்பு ரப்பர் வட்டு பறந்து வந்தது.
அடித்த பையன் ஓடிவந்து
ஸாரி ஆன்ட்டி என்று தேம்பினான்.
ரத்தத்தைத் துடைத்தபடி நான்தான்
அவனைத் தேற்றவேண்டியிருந்தது.
இமயவன் இப்போது கிட்டார் வாசிக்கிறான்.
அன்றைக்கு அடைத்த வழி அடைத்ததுதான்.

பல் சுத்தம் செய்கிற மாரிசெல்
சின்னக் கண்ணாடியை என் கன்னத்துக்குள் வைத்தாள்.
எடுக்க வரவில்லை, ஒட்டிக்கொண்டது.
“வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறீர்கள், இல்லையா?”
யாரோ எட்டிப் பார்த்துவிட்டதுபோல் கூசியது.
இரண்டு சொத்தை. ஒன்று வேர்வரைக்கும்.

ஈரப்பதக் கருவி வாங்கினோம்.
ஊர்த்தண்ணீரின் சுண்ணாம்பெல்லாம் புகையாய் எழுந்து
டிவியில், அலமாரியில், சாமி படங்களில்
விபூதியாய்ப் படிந்தது.
சிவனுக்கு ஒன்றுமில்லை.
பெருமாள்தான் பாவம்.

பிறகு டேப்.
முப்பது துண்டு, பதினெட்டு டாலர்.
வாயை மூடு என்று
அப்பா இலவசமாய்ச் சொன்னார்,
கணக்கு வாத்தியார் சொன்னார்,
கல்யாணப் பந்தலில் யாரோ ஒரு அத்தை
காதோடு வந்து சொன்னாள்.
அத்தனை பேர் சொல்லியும் மூடாத வாயை
நானே விலை கொடுத்து ஒட்டினேன். வரி தனி.

நாலாம் நாள் விடிகாலை டேப்பைக் காணோம்.
இவர் முழங்கையில் இருந்தது,
காயத்துக்குப் போட்டதுபோல் கச்சிதமாய்.
உரித்தேன்.
இரண்டு முடி வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் ஒரு குப்பி: செயற்கை எச்சில்.
அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது.
எச்சில் பண்ணாதே, எச்சில் கையால் தொடாதே,
எச்சில் தட்டு, எச்சில் டம்ளர் என்று
நாற்பத்தொன்பது வருடம் ஒதுக்கிவைத்த ஒன்று
எலுமிச்சை மணத்தோடு ஐம்பது மில்லி.
அதற்கும் ரோஷம் இருந்திருக்கும் போல.
சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறது.

தூக்கக் கலக்கத்திலும் கை பழக்கம் மறப்பதில்லை.
தலையை அண்ணாந்து
உதடு படாமல் இருட்டில் பாட்டிலை உயர்த்துவேன்.
கழுத்தெல்லாம் ஓடும், நைட்டி நனையும்.
நெஞ்சில் வெள்ளம், நாக்கில் வறட்சி.
ஒரே தாலுகாவுக்கு இரண்டு நிவாரணம் கேட்கலாம்.

இன்று பாட்டிலும் காலி.
சமையலறைக்குப் பதினாலு படி.
இவர் பக்கத்து மேசையில்
பாதி குடித்த டம்ளர்,
விளிம்பில் உதடு பட்ட மங்கல் தடம்.
இருபத்துநாலு வருடமாய்
ஒரே சோப்பு, ஒரே போர்வை, ஒரே ஜலதோஷம்.
டம்ளர் மட்டும் தனித்தனி.

இவரைத் தாண்டிக் கை நீட்டுகிறேன்.
அண்ணாக்கவில்லை.
வாய் வைத்துக் குடிக்கிறேன்.
சூடுமில்லை, குளிருமில்லை,
அறையின் பதத்தில் இருக்கிறது.

ஃபர்னஸ் நிற்கிறது.
“என்ன?” என்கிறார் கண் திறக்காமல்.
“தண்ணி” என்கிறேன்.
அந்த ‘ண்’ணுக்காக
நாக்கு மேலே போய் அண்ணத்தைத் தொட்டு
ஒட்டாமல் திரும்புகிறது.