மிளகளவு

துர்க்குத் துறைமுகத்தில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
பனியுடைக்கும் கப்பலில் சமையல்காரராயிருந்த ரெய்யோ
சட்டையைக் கழற்றி இடது தோளைக் காட்டுகிறார்.
அறுபத்தொன்றில், பட்டாளத்தில்,
பெரியம்மைக்குக் கீறிய தழும்பு.
பின்லாந்தின் ஏரிகளில் ஒன்றுபோல
ஓரம் கோணலாய்.

தசையில் குத்தினால் ஊர்சுற்றும் செல்கள்
தோலைக் கீறினால் அங்கேயே குடியேறும்.
இதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருடம்,
எலிக்காதுகள் எத்தனையோ.

மரத்துப்போக மருந்திட்டு
இரு தோளிலும் மிளகளவு எடுத்தேன்.

திங்களன்று
பச்சையாய் ஒளிர்ந்தன டி செல்கள்,
தழும்பில் மட்டும்.

தொலைபேசியில் சொன்னேன்.
அவர் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.
"பெரியம்மைதான் ஒழிந்துவிட்டதே,
அதுகளுக்கு யாரும் சொல்லவில்லையா?"

சொல்ல வழியில்லை, ரெய்யோ.
செய்தி போகும் இரத்தத்தில்
அவை இறங்குவதே இல்லை.

தையல் பிரிக்க
வியாழன் வாருங்கள்.