ஏழாம் கூண்டின் கம்பி

மடிக்கணினி இரைகிறது.
வேலை பார்த்து இரைந்தாலும் பரவாயில்லை,
சும்மா கிடந்து இரைகிறது.
எல்லாவற்றையும் மூடிவிட்டேன்:
தீவன அட்டவணை, கேமரா, வானிலை,
பாதியில் விட்ட கால்பந்து ஆட்டம்கூட.
விசிறி மட்டும்
மேடேறும் லாரிபோல
முதல் கியரிலேயே முக்குகிறது.

மிதவைக் கொட்டகையில் நான் ஒருவன்.
வெளியே ஃபியோர்டு.
ஃபாரோவின் பிப்ரவரி மழை
மேலிருந்து பெய்யாது, பக்கத்திலிருந்து அறையும்.
கீழே ஆறு கூண்டுகளில் சால்மன்கள்.
அவை மூச்சு விடும் தண்ணீரில்
ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கோட்டில்
நாலு நொடிக்கு ஒரு ஓட்டை.

மூன்று வாரமாய் என் வைத்தியம்
அணைத்துப் போடு.
சரியாகாவிட்டால்
இன்னொரு தடவை அணைத்துப் போடு.
விசிறித் தூசியை ஊதினேன்.
தோர்ஷவ்னிலிருந்து
குளிரூட்டும் பலகை ஒன்று வாங்கி அடியில் வைத்தேன்.
அதுவும் சேர்ந்து இரைந்தது.

ரன்வா படகில் வந்தாள்
நனைந்த கம்பளித் தொப்பியோடு.
காபி வேண்டாம் என்றாள்.
கணினியின் அடிவயிற்றில் புறங்கையை வைத்து
"ம்" என்றாள்.

பட்டியலைத் திறந்தாள்.
எந்த நிரல்மீதும் குற்றமில்லை.
பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.
உச்சியில் மட்டும் ஒரு வரி:
குறுக்கீடுகள், முப்பத்தெட்டு சதவீதம்.

"அதை நிறுத்திவிடேன்."
"அது நிரல் இல்லை,
வாசல் மணி.
சுட்டியோ ஒலிபெருக்கியோ வயர்லெஸ்ஸோ
எதற்கு எது வேண்டுமானாலும் மணி அடிக்கும்.
செயலி கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு
எழுந்துபோய்க் கதவைத் திறக்கும்.
திரும்பி வந்து
எங்கே விட்டோம் என்று தேடும்.
உன் கணினி இப்போது
நொடிக்கு இருபதாயிரம் தடவை கதவைத் திறக்கிறது.
வாசலில் ஆளில்லை."

ஒவ்வொன்றாய் முடக்கினாள்.
கேமரா. முப்பத்தெட்டு.
ப்ளூடூத். முப்பத்தெட்டு.
ஒலி அட்டை. முப்பத்தேழு
(என் நெஞ்சு ஒரு கணம் எழும்பியது)
மறுபடி முப்பத்தெட்டு.
புதிய இயக்கி ஒன்றை ஏற்றினாள்.
நாற்பத்தொன்று.
அவள் மொழியில் நல்ல சொல் ஒன்று சொன்னாள்,
அது என் மொழியும்தான்,
இங்கே எழுத முடியாது.

பிறகு மண்டியிட்டு
மேசைக்குப் பின்னால் தலையை நுழைத்தாள்.
கம்பிகள் ஈரப் பாசிபோல்
ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.
"இது?"
"இரண்டாம் கூண்டு."
"இது?"
"ஏழு."
"ஆறுதானே இருக்கிறது?"

நவம்பர் புயலில் ஏழின் வலை கிழிந்தது.
மீன்களை மாற்றினோம், வளையத்தைக் கரைக்கு இழுத்தோம்.
ஆக்சிஜன் சென்சாரை
ஹொக்னி கழற்றியிருப்பான் என்று நான்.
நான் கழற்றியிருப்பேன் என்று ஹொக்னி.
யாரும் கழற்றாத அது
கொட்டகைச் சுவருக்கு வெளியே
மூன்று மாதம் தொங்கியிருக்கிறது.

அவள் இழுத்தெடுத்த முனையில்
உப்பும் பச்சைக் களிம்பும்.
ஒவ்வொரு அலைக்கும் ஈரம் ஏறி இறங்க
இருக்கிறேன், இல்லை,
இருக்கிறேன், இல்லை,
இருக்கிறேன்
என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது
இல்லாத கூண்டின் பெயரால்.

பிடுங்கினாள்.
முப்பத்தெட்டு, பதினொன்று, இரண்டு, பூஜ்யம்.
விசிறி ஒரு பெருமூச்சு விட்டு
நின்றே போயிற்று.
கோடு ஓட்டையில்லாமல் நகர்ந்தது.

மழைச் சத்தம் கேட்டது.
தீவனக் குழாயில் உருண்டைகள் ஓடுவது கேட்டது.
அதற்கும் அடியில்
ஜெனரேட்டர் அறையிலிருந்து
தட்... தட் தட்... தட்.

"இது எப்போதிருந்து?"
"தெரியாது,
இன்றைக்குத்தான் கேட்கிறேன்."

ரன்வா தொப்பியைக் கழற்றி
வெந்நீர்க் குழாயின் மேல் காயப்போட்டாள்.
"இப்போது காபி கொடு" என்றாள்,
"பெரிய கோப்பையில்."