நில் / போ

இரவு பதினொன்று, க்ரிக்கிள்வுட் பிராட்வே.
கையில் ஒரு கோல், கோலின் தலையில் வட்டத் தகடு.
சிவப்புப் பக்கம் நில், பச்சைப் பக்கம் போ.
இரண்டாயிரம் வருடத்துச் சாலை
என் மணிக்கட்டு திரும்பக் காத்திருக்கிறது.

என் பெயர் வியோரிகா.
மேஸ்திரி ஃபின்டன் கில்ஹூலிக்கு நான் விக்கி.
திருத்துவதை விட்டுவிட்டேன்.
இந்தச் சாலைக்கும் ஒரே பெயர் நிலைப்பதில்லை:
மார்பிள் ஆர்ச்சில் எட்ஜ்வேர் ரோடு,
கொஞ்சம் நடந்தால் மைடா வேல்,
அப்புறம் கில்பர்ன் ஹை ரோடு, மேட்டில் ஷூட்டப் ஹில்,
இங்கே பிராட்வே.
வரைபடத்தில் மட்டும் ஏ-5,
கைதிக்குக் கொடுத்த எண் மாதிரி.

"ரோமானியர் போட்ட ரோட்டை
ருமேனியர் தோண்டுகிறீர்கள்."
வாரத்துக்கு இரண்டு முறை சொல்வார் ஃபின்டன்,
அன்றுதான் தோன்றியது போல.

இன்று எரிவாயுக் கசிவு. குழி இடுப்பளவு.
மேலே தார். அதற்கடியில் பழைய தார், அது வேறு கறுப்பு.
பிறகு டிராம் தண்டவாளத்துக்குப் போட்ட கான்கிரீட்.
அதன் ஓரமாக
மரம்.
செங்கல் அளவில், தாரில் ஊறிய கட்டை.
குளம்புச் சத்தம் வீட்டுக்குள் வராமலிருக்க
ஒரு காலத்தில் சாலைக்கே மரத்தளம் பாவினார்களாம்.
குதிரைகள் போன பின் பெயர்த்தெடுத்தார்கள்.
இல்லாத வீட்டுப் பிள்ளைகள் தள்ளுவண்டியில் அள்ளிப்போய்
கணப்பில் போட்டார்கள். தார் வெடித்து
விரிப்பெல்லாம் பொத்தல்.
இது ஒன்று எப்படியோ தப்பியிருக்கிறது.

ஃபின்டன் மோந்து பார்த்தார்.
"குப்பையில் போடு."

ஒருநாள் மழைக்கு ஒதுங்கிய வேனுக்குள்
யாரும் கேட்காமலே சொன்னார்:
அவருடைய அப்பா, மேயோக்காரர்,
விடியற்காலை ஐந்தரைக்கு, அதோ அந்த மதுக்கடை முன்னால்,
நூறு பேரில் ஒருவராக நிற்பாராம்.
வேன் வரும். கங்காணி முகத்தைப் பார்க்கமாட்டான்,
பூட்ஸைப் பார்ப்பான்.
நீ. நீ. நீ வேண்டாம்.
ஏறியவர்கள் போய்ப் போட்டது எம்-1.
போட்டு முடித்ததும்
வடக்கே போகும் லாரியெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.
தாங்கள் குடியிருந்த சாலையின் பிழைப்பை
தங்கள் கையாலேயே பிடுங்கிக் கொடுத்தார்கள்.
அதற்கும் வாரக்கூலிதான்.

இந்த நேராக்கோட்டின் மறுமுனை ஹோலிஹெட், கப்பல் துறை.
"அப்பா சாலையில் வரவில்லை,
ரயிலில் வந்தார்," என்றார் ஃபின்டன்.
அதற்கு மேல் பேச்சில்லை.

இப்போது இதில் யாரும் தூரம் போவதில்லை.
ஆப்கன் ரொட்டிக்கு, சலவைக்கு,
பணம் அனுப்ப, பல் பிடுங்க.
இரவு பஸ்ஸில், நெற்றி கண்ணாடியில் முட்ட,
அலுவலகம் துடைக்கப் போகிறவர்கள்.
என்-16 வந்தால் மட்டும்
பச்சையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிப்பேன்.
ஃபின்டனுக்குத் தெரியும்.

மதுக்கடையிலிருந்து இருநூறு அடி தள்ளி
கட்டடச் சாமான் விற்கும் கடை.
அதன் வாசலில் என் அண்ணன் டோரின் நின்றான்,
இரண்டு குளிர்காலம்.
பூட்ஸைத்தான் பார்த்தார்களாம் அவனிடமும்.
மூன்றாம் மாதம் புதிது வாங்கினான், கடனில்.
புத்தம்புதிது என்றாலும் எடுக்கமாட்டார்கள்
என்பது அப்புறம்தான் தெரிந்தது.

விளக்குக் கம்பத்தில் கவுன்சிலின் அறிவிப்பு:
சைக்கிள் தடம், அகன்ற நடைபாதை, பூந்தொட்டிகள்,
உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.
டார்ச் அடித்துப் படித்தேன்.
பதினெட்டு மாதத்தில் இதே இடத்தை மறுபடி கொத்துவார்கள்.
நல்லது. வேலை இருக்கும்.

நாலரைக்குக் குழியை மூடினோம்.
கட்டை என் பையில் இருந்தது.

என் அறையும் இதே சாலையில்தான், ஒரு சூதாட்டக் கடைக்கு மேலே.
ஜன்னல் சட்டம் தூக்கினால் நிற்காது, பொத்தென்று விழும்.
இப்போது விழுவதில்லை.
சத்தம் உள்ளே வராமலிருக்க அறுத்த கட்டை,
அதை முட்டுக் கொடுத்துத்தான்
திறந்து வைத்திருக்கிறேன்.