இவருக்குப் பதில் இவர்

திங்கட்கிழமை தட்டிய கதவை
வியாழக்கிழமை திறந்தாள் மருமகள்.
நடுவில் அத்தனை நாளும்
ஒவ்வொரு முகமாகப் போய் நின்று
மும்மூன்று முறை இடி இடித்தது.
வெளியே நின்றவன் கூரியர்காரன்.

நான் காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் கம்பெனியில்
பெல்ட்டில் நிற்கிறவள்.
ஒரு பழம் என் முன்னால் இருப்பது இரண்டு நொடி.
அதற்குள்
காம்படியில் கறுப்பா, வண்டு துளைத்ததா,
வெயிலில் வெந்ததா, தெரிந்தாக வேண்டும்.
இரண்டு நொடிக்குக் கூலி வாங்குகிற கண்ணை
ஒரு கூரியருக்காக நாலு நாள் உட்கார வைத்தார்கள்.

சரி, பொறுத்தேன்.
அங்கே யாருக்கும் வேலை கிடையாது, அதையும் பொறுத்தேன்.
கம்பெனி என்கிறார்கள்.
ஒரு மேசை, ஒரு பூச்சாடி,
கோப்பில் கையெழுத்து, அப்புறம் சதி.
பட்டுப்புடவையோடு தூங்கி
மடிப்புக் கலையாமல் எழுந்திருக்கிறார்கள்.
நான் எழுந்திருக்கும்போது
தலையணை உறையில்கூட மாம்பழ வாசனை.

ஏழிலிருந்து எட்டு வரை யஷ்வந்துக்குக் கார்ட்டூன்.
(எட்டுக்கு மேல் ரிமோட் எனக்கு.
ஒன்பதுக்கு மேல் மாதேஷுக்கு,
செய்தியில் கத்துகிறவர்களைப் பார்த்தபடி தூங்க.)
அதில் ஒரு குரங்கு மாங்காய் பறிக்கிறது.
அறுந்த இடத்தில் பால் வடியவில்லை.
குரங்கின் கன்னத்தில் பால் பட்டு வெந்த தழும்பில்லை.
பழம் தரையில் விழுந்து பந்து போல எழும்பியது.
யானை ஒன்று வந்தது. வரட்டும்.
அதன் காலடியில் ஒரு புல்கூடப் படியவில்லை.
வாய் ஒரு நேரம் அசைகிறது,
தமிழ் வேறொரு நேரம் கேட்கிறது.
"இவ்ளோ பெரிசு, எடையே இல்லையேடா" என்றேன்.
"கதை அது இல்லம்மா" என்றான், திரும்பாமல்.

யானையின் எடை எனக்குத் தெரியும்.
கார்த்திகையில், தேன்கனிக்கோட்டைப் பக்கம்,
நாத்தனாரின் கேழ்வரகுக் கொல்லையில் வந்து நின்றது.
கரண்ட் இல்லை. நிலா கொஞ்சம்.
மொட்டைமாடியில் நாங்கள் பதினோரு பேர்.
ஒரு மணி நேரம் அது எதுவுமே செய்யவில்லை.
காது மட்டும் இருட்டை விசிறியது.
தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழுந்து போகவில்லை.
என் விரலைப் பிடித்திருந்த யஷ்வந்தின் நகம்
மூன்று நாள் இருந்தது தோலில்.
விடிந்து போய்ப் பார்த்தோம்.
நாலு குழி, முறம் அகலம்.
நாத்தனார் குழிகளைப் பார்க்கவில்லை,
சாய்ந்த கதிரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.
விழுந்தால் நசுங்கட்டும்.
அறுத்தால் பால் வரட்டும்.

போன வெள்ளிக்கிழமை
மாமியாரை மாற்றிவிட்டார்கள்.
கீழே ஒரு வரி ஓடியது,
இனி இவருக்குப் பதில் இவர்.
புது முகம் படியிறங்கி வந்தது,
பழைய மூக்குத்தியோடு, பழைய கோபத்தோடு.
பெற்ற பிள்ளை "அம்மா" என்றான்
கண் சிமிட்டாமல்.
என் கையில் சோறு காய்ந்தது.
இரண்டு வருஷம் கூட இருந்தவள்
எங்கே என்று கேட்க
அத்தனை பெரிய வீட்டில் ஓர் ஆள் இல்லையா?

தட்டைக் கழுவும்போதுதான் வந்தாள்
முனிரத்தினம்மா.
போன சீசன் முழுக்க எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவள்.
மாஸ்க்குக்குள் அவள் சிரிப்பது
புருவத்தில் தெரியும்.
ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் வேறொருத்தி.
அதே தொப்பி, அதே கையுறை, மேலே இரண்டு கண்.
சூப்பர்வைசர் நோட்டில் ஒரு பெயரை அடித்தார்.
பெல்ட் நிற்கவில்லை.
கீழே வரி எதுவும் ஓடவில்லை.
பர்கூருக்கு அந்தப் பக்கம் அவள் ஊர்,
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
பெங்களூரா லாரி லாரியாக வந்துகொண்டிருந்த வாரம்.
கேட்க இரண்டு நொடி ஆகும்.
கேட்கவில்லை.

இன்று எட்டு மணி.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
இடி. ஒரு முகம். இடி.
திங்கட்கிழமைதான் ஆகிறது.