நாற்பது நிமிடம்

நவம்பரில் ஒருமுறை சாவியைத் திருப்புவேன்.
பிறகு மார்ச் வரை அதைத் தொடுவதில்லை.
நான் சாப்பிடும்போது ஓடும், தூங்கும்போது ஓடும்,
பள்ளி நாடகத்தில் மகள் கலைமான் வேடம் கட்டி நிற்க
கடைசி வரிசையில் நான் கைதட்டும்போதும்
வெளியே ஓடிக்கொண்டிருக்கும் லாரி,
தன் புகையைத் தானே போர்த்திக்கொண்டு.

வீண் செலவில்லையா என்பார்கள்
தெற்கிலிருந்து வருகிறவர்கள்.
செலவுதான்.
ரேடியேட்டருக்கு அட்டை கட்டியிருக்கிறேன்,
தொட்டிக்குக் கம்பளிச் சட்டை,
கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.
இரவெல்லாம் நின்ற டயர் காலையில் சதுரம்:
முதல் ஒரு கிலோமீட்டர்
படிக்கட்டில் இறங்குவதுபோல் போகும்.
சம்மட்டியால் ஓங்கி அடித்தால்
உடைவது சம்மட்டி.

அன்று மைனஸ் ஐம்பத்திரண்டு.
உறைந்த இந்திகிர்காவின் மேல் போட்ட பாதை;
மே மாதம் அது மறுபடி ஆறாகிவிடும்.
மாவு இருபது மூட்டை, பல்பு நான்கு பெட்டி,
புத்தாண்டுக்கு மாண்டரின் ஆரஞ்சு நாற்பது பெட்டி.
நூற்றெழுபதாவது கிலோமீட்டரில் எஞ்சின் இருமியது.
மிதித்தேன். கெஞ்சினேன்.
மாமியாரிடம்கூடச் சொல்லாத சொற்களைச் சொன்னேன்.
இன்னொருமுறை இருமியது.
நின்றது.

இரண்டு மாதமாகக் காதில் இருந்த பஞ்சை
யாரோ சட்டென்று பிடுங்கிய அமைதி.
எங்கோ ஆறு விரிசல் விடுவது கேட்டது.
என் இமை ஒட்டிப் பிரிவது கேட்டது.

வடிகட்டியைக் கழற்றினேன்.
குதிரைக்கறிச் சாறு ஆறினால் மேலே படியுமே,
அந்தக் கொழுப்பு மாதிரி உள்ளே மெழுகு.
குளிர்கால டீசல் என்று
சத்தியம் செய்து ஊற்றியிருந்தான் ஸ்தெபான்.
கோடையில் விற்காத மிச்சம்.

பத்தே நிமிடத்தில் கேபினுக்குள்
என் மூச்சு கண்ணாடியில் ரோமமாய் முளைத்தது.
ஆரஞ்சுப் பெட்டிகளை நினைத்தேன்.
பிறகு விரல்களை.

வெகு தூரத்தில் ஒரு வெளிச்சம், பிறகு இரண்டு.
நின்ற லாரியைக் கடந்து இங்கே யாரும் போவதில்லை.
நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள்,
நாளை நிற்கப்போவது யாருடையதோ என்ற கணக்கு.
கவ்ரில்.
மூன்று வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை,
ஒரு ஜாக்கியைத் திருப்பித் தராத சண்டை.
யார் தரவில்லை என்பதில்
இன்றும் இரண்டு கருத்து உண்டு.

தன் எஞ்சினை அணைக்காமல் இறங்கினான்.
ஊதுவிளக்கைப் பற்றவைத்தான்.
வீட்டு அடுப்புக்கு ஊட்டுவதுபோல
அந்த நீலச் சுடருக்கும் முதலில்
ஒரு துணுக்கு வெண்ணெய் ஊட்டினான்.
பிறகு எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.
நான் வடிகட்டியைக் கோட்டுக்குள் விட்டு
வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.
அது என்னைக் கடித்தது.
அவன் மண்ணெண்ணெய் இருபது லிட்டர் என் தொட்டிக்குப் போனது.
நான் கேட்கவில்லை.
கொடுத்தேன் என்று அவனும் சொல்லவில்லை.

நாற்பதாவது நிமிடம் சாவியைத் திருப்பினேன்.
டிசம்பரில் சாவி திருப்புவது
தூங்குகிறவனின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது.
ஒருமுறை: இல்லை.
மறுமுறை, ஒரே ஒரு சிலிண்டர்,
பிறகு அதன் பக்கத்து வீட்டுக்காரன்,
பிறகு தெருவே எழுந்து கத்தியது.

அப்போதுதான் கவ்ரில் வாய் திறந்தான்:
“ஜாக்கி உன்னிடம்தான் இருக்கிறது, அகுலினா.”
ஒரு பெட்டி ஆரஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பி வந்ததும்
தொட்டியில் போட்டது போக மிஞ்சிய டீசலை
ஓர் ஊறுகாய்ப் புட்டியில் ஊற்றி
ஸ்தெபானின் சன்னலுக்கு வெளியே வைத்தேன்.
உள்ளே இருவரும் தேநீர் குடித்தபடி பார்த்தோம்.
இரண்டாம் கோப்பைக்குள் பால்போல் மங்கியது.
மூன்றாம் கோப்பையில்
கவிழ்த்தாலும் சிந்தாது.

“இந்த வருடம் பாதை மோசம்” என்றான் ஸ்தெபான்.

முந்நூறு கிலோமீட்டருக்கு அவன் பம்பு ஒன்றுதான்.
நிரப்பச் சொன்னேன்.
மண்ணெண்ணெயும், அவன் கணக்கில்.
வெளியே லாரி ஓடிக்கொண்டிருந்தது.