ஓடைக் கணக்கு

பாலத்தருகே குளோரின் தொட்டியில்
பூட்ஸுகளை முக்கி எடுக்கிறாள் எனெய்தா.
பனாமாவின் இந்த மலைக்குப் பூஞ்சையை ஏற்றி வந்தது
யாருடைய காலோ, யாருக்குத் தெரியும்.

குறிப்பேட்டில் ஒன்பது வருடம்.
தேதி, வெப்பம், பூச்சியம்.
தேதி, வெப்பம், பூச்சியம்.
ஒருநாள் ‘மழை’ என்று மட்டும் எழுதியிருக்கிறாள்.
ஓடை முன்னைவிட இரைகிறது என்பான் ஒலிசெர்,
டார்ச்சைத் தட்டிக்கொண்டே.
ஓடை அப்படியேதான் இருக்கிறது.
மற்ற சத்தங்கள்தான் போய்விட்டன.

இன்று மூன்றாவது பாறைக்கு அப்பால்
ஒரு ‘டிக்’.
டார்ச்சுதான் என்று நினைத்தாள்.
இன்னொரு ‘டிக்’.

நுணலும் தன் வாயால் கெடுமாம்.
இது வாயால் அகப்பட்டது, அவ்வளவுதான்;
கெடவில்லை.
கையுறைமேல் ஒரு நகத்தளவு ஈரம்.
கண்ணாடித் தவளை,
வயிற்றின் வழியே இதயம் அடிப்பது தெரிகிறது.
பஞ்சுக்குச்சியால் தொடையைத் தடவுகிறாள்,
விரலிடுக்குகளைத் தடவுகிறாள்.
பூஞ்சை இருக்கும். நிச்சயம் இருக்கும்.
எல்லாவற்றையும் கொன்ற அதே பூஞ்சை,
வாடகை தராமல் குடியிருப்பவனைப் போல.

தோலுக்கடியில், ஊசிமுனைச் சுரப்பிகளில்,
அதற்கு ஒவ்வாத ஏதோ ஒரு கசப்பு
ஊறிக்கொண்டே இருக்கிறது.
இதன் தாய்க்கும் கொஞ்சம் ஊறியிருக்கும்,
அதன் தாய்க்கு இன்னும் கொஞ்சம் குறைவாக.
ஊறாதவை எல்லாம்
அந்தப் பூச்சியங்களுக்குள் கிடக்கின்றன.

ஒலிசெருக்குக் கத்த வேண்டும் போலிருக்கிறது.
“பேசாம இரு” என்கிறாள்.
ஈரத்தாளில் பென்சில் ஏறவில்லை.
அழுத்தி எழுதுகிறாள்: ஒன்று.
நாளைய பக்கத்திலும்
கோடு விழுந்திருக்கிறது.