இரண்டு விரல் குறைய

கால்மாறிப் போகிற காருக்கு
ரோசாமாலை கட்டியவர்கள்
முன்கிறிலை முழுக்க மறைத்துக் கட்டினார்கள்.
காற்று எதனால் போகும் என்று நான் கேட்கவில்லை.
வாடகை பதினையாயிரம்,
பாதி ஏற்கெனவே சட்டைப்பைக்குள்.

மொறிஸ் ஒக்ஸ்போட். ஸ்ரீ இலக்கம்.
என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
விடியக் கூலன்ற் விட்டபோது
விளிம்பு மட்டும் விட்டேன்.
பொங்கல் பானைக்குப் பால் விட்டுப் பழகிய கை,
வழிந்தால்தான் அதற்குத் திருப்தி.

முறிகண்டியில் தேங்காய் உடைத்து
கச்சான் இரண்டு சுருள் வாங்கி ஏறினார்கள்.
கொக்காவில் கோபுரம் தெரிகிற இடத்தில்
ஊசி நடுங்கிச் சிவப்புக்குள் போனது.
பிறகு அந்த மணம்:
சுட்ட இரும்பு, அதற்குள் ஏதோ ஒரு தித்திப்பு,
அவிந்த ரோசா.

ஓரங்கட்டினேன்.
மாப்பிள்ளை யோகறூபன் இறங்கி
சில்லோடு ஒட்டி நின்றான்.
கீழ்க்குழாய் ஒருதரம் செருமியது.
பட்டு வேட்டிக் கரையில்
பச்சை.

பின்சீற்றில் இருந்து மாமி:
"எந்தப் பக்கம் வழிஞ்சது, தம்பி?
கிழக்கேயோ?"
தெற்கு பார்த்து நின்ற காருக்கு
இடப்பக்கம் கிழக்குத்தான்.
"ஓம் மாமி, கிழக்கு."
நல்லவேளை, பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

தோழன் துவாயைக் கையில் சுற்றிக்கொண்டு
மூடியில் கை வைத்தான்.
"விடுங்கோ அதை!"

பொம்பிளையின் குரல்.
கூறையை முழங்கால் மட்டும் தூக்கிப் பிடித்தபடி
இறங்கி வந்தாள் நிறஞ்சினி.
உடுப்பு ஃபக்டறியில் நாலு வருசம்
நீராவி அயன்.
"அடக்கி வைச்ச தண்ணி. திறந்தால்
முழுக்க ஒரேயடியாய்க் கொதிச்சு மேல வரும்.
எங்கட லைனில ஒருத்திக்கு முகம் போனது."
சொல்லிக்கொண்டே
மருதோன்றிக் கையால்
மாலையை அறுத்தாள்.

வியாழக்கிழமை. ஒன்றரைக்கு இராகுகாலம்.
மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.
மாங்குளத்தில் ஆலாத்தித் தட்டோடு நிற்கிறார்கள்.
ஃபோன் அடிக்க அடிக்க மாமி
"இந்தா வாறம், இந்தா வாறம்."
பாலை மரத்தின் கீழ்
தோழன் கச்சான் உடைத்தான்.

அவர்கள் இருவரும்
மேல்குழாயில் புறங்கை வைத்து வைத்துப் பார்த்தார்கள்.
"இன்னும் தாங்குதில்லை."
"எனக்குத் தாங்குது."
"பொய்."
அதற்கு முன்னர் எவ்வளவு கதைத்திருப்பார்களோ,
எனக்குத் தெரியாது.

ஆறிய பிறகு நானே திறந்தேன்.
இரண்டு விரல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.
போத்தலை எடுத்தேன்.
"ஏன் விடுறியள்?" என்றாள்.
"இடம் இல்லாததாலதானே துப்பினது."

எனக்கு அது தெரியும்.
பதினான்கு வருசமாகத் தெரியும்.
சூட்டில் தண்ணீர் ஊதும்,
ஊத இடம் விடவேண்டும்.
கைதான் கேட்பதில்லை.
போத்தலை மூடினேன்.

மாங்குளத்து வாசலில்
என் மணிக்கூடு ஒன்று முப்பத்திநாலு.
மாமியின் மணிக்கூடு ஒன்று இருபத்தெட்டு.
கலியாணக் கார்க்காரனுக்கு
மாமியின் மணிக்கூடுதான் சரி.

வவுனியாவில் நாலு கடை ஏறி
உள்ளே இரண்டு வாசர் வைத்த மூடி வாங்கினேன்.
சில்லுக்குமேல் ஒரு தடித்த போத்தல்,
குழாயின் நுனி அதன் அடிவரை.
சூட்டில் தள்ளுவதை
ஆறியதும் இழுத்துக்கொள்கிறது.
முதல்நாள் சேலைன் குழாய் போட்டேன்,
அது சூட்டில் இளகி ஒட்டிப் போனது.
கறுப்பு றப்பர்தான் நிற்கிறது.
கிணற்றுத் தண்ணீர் விடுவதில்லை,
எங்கள் ஊர்க் கேத்தில்களின் உட்புறம்
பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

மாதம் ஒன்று கழித்து
மிச்ச ஏழாயிரத்து ஐந்நூறோடு யோகறூபன் வந்தான்.
வேட்டியில் பச்சை போகவில்லையாம்.
"ஐந்நூறைக் கழியும்" என்றேன்.
"அதுக்கில்லை.
இப்ப எவ்வளவு விடுறியள் எண்டு
கேட்டு வரச் சொன்னவ."

இரண்டு விரலைக் காட்டினேன்,
நிமிர்த்தி அல்ல,
படுக்கப் போட்டு.